குறுக்கே நான்கு வரிசைத் தையல்

சேகர்,

ஒரே வீட்டில் சாப்பிட்டு ஒரே வீட்டில் படுக்கிற இரண்டு பேருக்குள் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் சொல்லத்தான் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். வாயைத் திறந்தால் வேறு என்னவோ வருகிறது. சோறு போடட்டுமா, சட்டையில் பொத்தான் போயிருக்கிறதே, மழை வரும் போலிருக்கிறது குடையை எடுத்துக்கொண்டு போ. பஃபலோ ரோடு முழுக்க வாயாடி என்று பெயர் வாங்கியவள் நான். மீன்காரரோடு மணிக்கணக்கில் மல்லுக்கு நிற்பேன். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அந்த வாய் உதவவில்லை. அதனால் உன் பழைய பள்ளிக்கூட நோட்டிலிருந்து நாலு தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏன் கிழிக்கவில்லை என்பது பின்னால் உனக்கே தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பாட்டு மேசை முழுக்க மெஷின் படங்களைப் பரப்பினாய். வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டுகிறது, முகாமில் இருக்கிற தோல் தைக்கும் மெஷின்களை ஏலம் விடுகிறார்கள், டவுனில் புதுசும் விற்கிறார்கள், சனிக்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும் என்றாய். "கைப்பை, பர்ஸு, பெல்ட்டு, எல்லாம் நைசா வரணும்மா. டூரிஸ்ட்டு வாங்குற சாமான் லா. நீங்க முன்னாடி தோல் தைச்சவங்கதானே, எது எடுக்கலாம், சொல்லுங்க." நான் குனிந்த தலை நிமிராமல் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். பேச்சை மாற்ற வேண்டும் என்று உனக்குப் பார்த்திருக்கிற பெண் வீட்டார் சொல்லி அனுப்பியதை எடுத்தேன். ஒரு முகூர்த்தம் பார்க்கலாமா என்றேன். நீ படங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாய். "கல்யாணம் வேணாம்மா. கட்டிக்கிட்டா புள்ள பொறக்கும். என் கையில புள்ளையக் குடுத்தா நடுரோட்டுல விட்டுடுவேன். மாமாவ விட்டவன்தானே நான்." குரலில் கோபம்கூட இல்லை. நீ எழுந்து போன பிறகு பார்த்தால், இலையைக் குப்பையில் போட்டுவிட்டுக் காம்பைச் சட்டியில் போட்டிருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் எனக்குத் தைரியம் போனாலும் இந்த வரி உன் கைக்கு வந்துவிட வேண்டும். மாமா விழுந்தது உன்னால் இல்லை. என்னால். எப்படி என்று சொல்வதற்கு மெஷினைப் பற்றித்தான் சொல்லியாக வேண்டும். நீ கேட்டதும் அதைத்தானே. இரண்டும் ஒரே கதைதான்.

உன் அப்பா போனபோது உனக்கு மூன்று வயது. சிராங்கூன் சாலையைப் பார்த்த அந்த மாடியறையில் நீயும் நானும் என் தம்பியும் மட்டும் மிச்சம். ஜப்பான்காரன் காலத்தில் அவனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்களே, அங்கே புண் வைத்து இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மரக்கால் கொடுத்தார்கள். தொடையைச் சுற்றித் தோல் உறை, இடுப்பில் ஒரு பெல்ட், அந்தப் பெல்ட்டிலிருந்து இறங்கி மரக்காலைத் தூக்கிப் பிடிக்க ஒரு வார். அந்த வார்தான் கால். அது இல்லையென்றால் மரம் தனி, ஆள் தனி. உன் மாமாவுக்கு அதைப் பற்றியெல்லாம் வருத்தம் இருந்த மாதிரியே தெரியாது. கீழே ஐந்தடி நடைபாதையில் கண்ணாடிப் பெட்டி வைத்துக் கடிகாரம் ரிப்பேர் செய்தான். "கடிகாரத்துக்கு முள்ளு ரெண்டு, எனக்குக் காலு ஒண்ணு. அப்பவும் நான்தான் டைமுக்கு வருவேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான். உனக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கும்.

நான் அப்போது ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவன், "அக்கா, வாட்சுக்கு வார் கேக்குறாங்க. கடையில வர்றது கண்றாவியா இருக்கு. நீ தைச்சுக் குடேன்" என்றான். காலால் மிதிக்கிற என் மெஷினில் தைத்துப் பார்த்தேன், திணறியது. மோட்டார் வைத்த பெரிய மெஷின் ஒன்று வாங்குவது என்று சுங்கே ரோட்டுப் பழைய சாமான் கடைக்கு இரண்டு பேரும் போனோம். கடை முதலாளியான சீனத் தவுக்கே இரண்டு மெஷின்களைக் காட்டினார். ஒன்று சட்டைக் கம்பெனியிலிருந்து வந்தது. கறுப்பு, வழவழப்பு, ஓடினால் தேனீக் கூட்டம் போலச் சத்தம். தையல் எறும்பு வரிசை மாதிரி பொடிப் பொடியாக விழுந்தது. இன்னொன்று சேணம் தைக்கிற இடத்திலிருந்து வந்த எருமை. ஊசி ஆணி கனம். மேலே அழுத்துகிற பாதம் தானும் சேர்ந்து எட்டு வைத்து நடந்தது. சக்கரத்தைக் கையால் சுற்றினால் தொம், தொம் என்று நிதானமாக ஒவ்வொரு தையலாகப் போட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கறுப்பைத் தொட்டேன். தவுக்கே தலையை ஆட்டினார். "இத்து காயின் பூஞா லா. குலித் தா போலே. நந்தி பூத்தூஸ்." அது துணிக்குத்தான், தோலுக்கு ஆகாது, அறுந்து போகும் என்று மலாயில் சொன்னார். விற்கிற மனுஷனே வேண்டாம் என்கிறார். நான் தம்பியிடம் தமிழில், "எருமையத் தலையில கட்டப் பாக்குறாரு. நான் பாக்காத தையலா?" என்றேன். அவனும் சிரித்தான். கறுப்பு மெஷின் நம் வீட்டுக்கு வந்தது.

இதை நன்றாகக் கேட்டுக்கொள், சேகர். துணி தைத்த கைக்குத்தான் இந்தத் தப்பு வரும். துணியில் ஊசி இறங்கினால் இழைகள் நகர்ந்து வழிவிட்டு மறுபடி நெருங்கிக்கொள்ளும். தையல் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு உறுதி. அதைப் பதினைந்து வருடம் தைத்து, எனக்கு அதுவே வேதமாகிவிட்டது. தோல் அப்படி இல்லை. அதில் விழுந்த ஓட்டை ஓட்டைதான், ஆயுளுக்கும் மூடாது. நெருக்கமாகத் தைக்கத் தைக்க நாம் அதைச் சேர்க்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறோம். தோலுக்கென்று விற்கிற ஊசியின் நுனி கத்தி மாதிரி தட்டையாக இருக்கும். அந்த வெட்டு தையல் போகிற திசையிலேயே விழுந்தால் ஒரு வெட்டு அடுத்ததைப் போய்த் தொட்டுவிடும். வெட்டு சாய்வாக விழுகிற ஊசியாகக் கேட்டு வாங்கு. ஏலத்துக்குப் போகும்போது உன் தோலை நீயே கொண்டு போ, இருப்பதிலேயே தடித்ததையும் இருப்பதிலேயே மெல்லியதையும். அவர்கள் கொடுக்கிற துண்டில் எல்லா மெஷினும் அழகாகத்தான் தைக்கும். கையால் சக்கரத்தைச் சுற்றி மூன்றே தையல் போட்டுப் பார். அவ்வளவு மெதுவாகத் தைக்க வராத மெஷின் வேண்டாம். தைத்ததைத் திருப்பி அடிப்பக்கம் பார், மெஷின் பல்லின் தடம் விழுந்திருந்தால் வேண்டாம். பையின் மூலையைத் தைக்கக் குழாய் மாதிரி கை நீட்டின மெஷின் ஒன்று பிறகு வாங்கலாம். முதலில் பாதம் நடக்கிற மெஷின். தைத்து முடித்ததும் கண்ணால் பார்ப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, கோபம் வந்தவன் மாதிரி இழு. நான் ஒரு நாளும் இழுத்துப் பார்க்கவில்லை.

ஏனென்றால் வாட்ச் வாரை யாரும் இழுப்பதில்லை. மணிக்கட்டில் சும்மா கிடக்கிற பொருள். என் பொடித் தையல் அதில் நகை மாதிரி இருந்தது. தங்லின் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஆள் அனுப்பி வாங்கினாள். உன் மாமா கண்ணாடிப் பெட்டியில் பச்சை வெல்வெட் விரித்து அடுக்கி வைத்து, "எங்கக்கா தையல். பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க, ஒரு தையல் கோணல் இருந்தா வாட்சு ஃப்ரீ" என்பான். எனக்குத் தலை கனத்துவிட்டது. பொய் சொல்லவில்லை, கர்வம் பிடித்துப்போய்த்தான் இருந்தேன்.

பிறகு அவன் மரக்கால் வார் நைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வார். தடி நூல், மெழுகு பூசியது, கையால் தைத்தது, விரற்கடைக்கு ஐந்து தையல்கூடத் தேறாது. "மாட்டுக்குத் தைச்ச மாதிரி இருக்கு, கழட்டு" என்றேன். "ஆஸ்பத்திரிக்கே போய் மாத்திக்கிறேன்க்கா, அங்க க்யூ நின்னா ஒரு நாள்தான் போகும்" என்றான். "வீட்டுல தையல்காரிய வச்சுக்கிட்டு அங்க போய் நிப்பியா?" என்று திட்டினேன். நல்ல தோல் எடுத்து, வளையத்தைச் சுற்றி மடித்து, மடித்த இடத்தில் குறுக்காகத் தைத்தேன். மரக்காலின் பாரம் முழுக்க அந்த இடத்தில்தான் தொங்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு வரிசை போதாது என்று நான்கு வரிசை போட்டேன். இருப்பதிலேயே பொடித் தையலில், ஒன்றின் மேல் ஒன்றாக, அன்போடு போட்டேன். அவன் கட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே மூன்று முறை நடந்து காட்டினான். நீ கை தட்டினாய்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு காலை, மரக்காலை மாட்டிக்கொண்டே, "அக்கா, வளையத்துக்கிட்ட ஒரு கோடு மாதிரி தெரியுது. வந்து பாரேன்" என்றான். என் மடியில் ரவிக்கைத் துணி மலையாக இருந்தது. தலையைத் தூக்காமல், "புதுத் தோல் அப்படித்தான் இழுபடும். அப்புறம் பாக்குறேன், போ" என்றேன். அவன் போனான். நான்கு எட்டு எடுத்து வைத்தால் பார்த்திருக்கலாம். அந்த நான்கு எட்டை இன்று வரைக்கும் தினமும் எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று மத்தியானம் ஒரு மணிக்கு வழக்கம்போல உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தான். சாலையைக் கடக்கும்போது வார் விட்டது. லாரிக்காரன் மேல் தப்பில்லை, அவன் பிரேக் போட்ட சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. நான் இறங்கி வருவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கீழ்வீட்டு மளிகைக்காரர் யாரிடமோ, "பையன் கைய விட்டுட்டான் போல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ என் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "நான் கைய விட்டுட்டேம்மா, நான்தான் விட்டுட்டேன்" என்று அழுதாய். அப்போது எனக்கு வாரைப் பற்றித் தெரியாது. அது சத்தியம்.

ஆஸ்பத்திரியில் அவன் சாமான்களைக் கொடுத்தார்கள். சட்டை, கைக்கடிகாரம், மரக்கால். வளையத்தில் தோல் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. தபால்தலையைத் தாளிலிருந்து பிய்த்தெடுத்தால் ஓரம் எப்படி இருக்கும், அப்படி. நான்காவது வரிசையோடு நேர்கோடாகப் பிரிந்திருந்தது. நூல் அறுபடவில்லை, சேகர். என் நூல் ஒன்றுகூட அறவில்லை. தோல்தான் போயிருந்தது. போலீஸ்காரர் வந்து, "வார் பழசா, புதுசா?" என்று கேட்டார். "பழசு சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் அந்தத் துண்டை வளையத்தோடு ரோச்சோர் கால்வாயில் போட்டேன். அடுத்த வாரம் மெஷினை விற்றேன். ஏம்மா விற்றாய் என்று நீ கேட்டபோது மாமா நினைப்பு வருகிறது என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது நீ மறுபடியும் அதையே சொன்னாய். நான் கையை விட்டுவிட்டேன் என்று. இப்போது எனக்குத் தெரியும், நீ இல்லை, நான் என்று. அப்போதுகூட நான் உன் தலையைத் தடவி, "பரவாயில்லைடா, நீ சின்னப் புள்ள, வேணும்னா செஞ்ச?" என்றேன். செய்யாத தப்புக்கு உன்னை மன்னித்தேன். என் தப்பை உன் தலையில் வைத்து, அதைத் தடவியும் கொடுத்தேன். வாரைத் தைத்தது அறியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது. போலீசுக்கு நான் பயப்படவில்லை. உனக்குத்தான் பயந்தேன். எனக்கென்று மிச்சம் இருந்தது நீ ஒருவன். நீ என்னை நிமிர்ந்து பார்க்கிற பார்வை மாறிவிடுமோ என்று பயந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை, இரண்டு வருடத்தில் மறந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நீ மறக்கவில்லை. நீ யார் கையையும் தொடாமல் வளர்ந்தாய். கூட்டத்தில் என்னோடு வந்தாலும் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் வந்தாய். நான் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன்.

பஸ்ஸில் ஏற மாட்டேன் என்கிறாள், கஞ்சத்தனம் என்று நீ கேலி செய்வாய். கண்டக்டர் ஓட்டை போட்ட கோட்டில் டிக்கெட்டைச் சரக்கென்று கிழிக்கிற சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. அதற்காகத்தான் எங்கே போனாலும் நடக்கிறேன். அந்த மாடியறையில் இருந்தவரைக்கும் மத்தியானம் ஒரு மணிக்கு மரப்படியில் அவன் மரக்கால் டொக், டொக் என்று கேட்கும். தோ பாயோவில் புது வீடு கிடைத்ததும் தொலைந்தது என்று நினைத்தேன். இங்கே சிமெண்டுப் படி, லிஃப்ட் வேறு. ஆனாலும் வருகிறான். ஒரு மாடி கீழே வரைக்கும் வந்து நின்றுவிடுகிறான். கதவைத் தட்டுவதில்லை. ஒருநாள்கூட என்னைத் திட்டுவதில்லை. கோபமாக வந்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது. "பாக்குறேன்னு சொன்னியேக்கா" என்று கேட்பதற்காக நிற்கிறானோ என்னவோ. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, அவன் போகும் வரைக்கும் அசையாமல் இருப்பேன்.

ஏலத்தில் அந்த எருமை மாதிரி மெஷின் வந்தால் அதை எடு. பார்க்க அழகாக இருக்காது. பெரிய தையலாகப் போடு, நூலைத் தடியாக வை, பாரம் தொங்குகிற இடத்தில் குறுக்கே தைக்காதே. நைசு வேண்டுமென்றால் தோலைச் செதுக்குவதில் காட்டு, ஓரத்தைத் தேய்ப்பதில் காட்டு. உன் தொழிலுக்கு இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. நாளைக்கு நான் கேலாங்கில் உன் சின்னம்மா வீட்டுக்குப் போகிறேன். எத்தனை நாள் என்று நீதான் சொல்ல வேண்டும். நீ வந்து கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்க எனக்கு வாய் கிடையாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதுதான் எழுத வராமல் இத்தனை பக்கம் சுற்றினேன். அன்று நான் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பாதிச் சாலையில் அவன் ஒரு பக்கமாகச் சரிந்தான். நீ அவன் ஒரு கையை உன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, பலம் கொண்டமட்டும் இழுத்துக்கொண்டு நின்றாய். புத்தகப் பை உன் முழங்கையில் தொங்கியது. லாரி வருவதை அவன் பார்த்தான். நீ பார்க்கவில்லை, நீ அவனையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவன் கையை உதறினான். நீ விடவில்லை. மறுபடி உதறினான். அப்புறம் மறு கையால் உன் நெஞ்சில் ஓங்கித் தள்ளினான். அப்போதுதான் உன் பிடி விட்டது, நீ போய் நடைபாதை ஓரத்தில் விழுந்தாய். முழங்கையில் தோல் உரிந்திருந்தது, அதற்கு மருந்து போட்டவள் நான்.

இதைச் சொன்னால் அவன் ஏன் சரிந்தான் என்று யாராவது கேட்பார்கள். அதனால் இதையும் சேர்த்து விழுங்கிவிட்டேன். அவன் உலகத்தில் கடைசியாகச் செய்த காரியம் உன்னைத் தள்ளிவிட்டது. உனக்கென்று அவன் வைத்துப் போனது அது ஒன்றுதான். அதைப் பன்னிரண்டு வருடமாக உன்னிடம் கொடுக்காமல் நான் வைத்துக்கொண்டேன். நீ கெட்டியாகத்தான் பிடித்திருந்தாய், ராசா.